ரொக்கத்தை மறுக்கக் கடைக்கு உரிமை உண்டா?

பெருநகர வணிக வளாகங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள சில உணவகங்களின் கல்லாவருகே இப்போது ஒரு சிறு அட்டை காணப்படுகிறது: ‘ரொக்கம் பெறப்படமாட்டாது. அட்டை அல்லது யூபிஐ மட்டும்.’ வரிசையில் நின்று, தம் முறை வந்த பின்னரே அதைப் படிக்கும் முதியவர், கையிலுள்ள ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒருமுறை உற்றுப் பார்க்கிறார். மத்திய அரசின் உத்தரவாதம் பெற்றது என்னும் வாசகம் அதில் அச்சிடப்பட்டிருக்கிறது. குறித்த தொகையைத் தருவதாக ரிசர்வ் வங்கி ஆளுநர் உறுதிமொழிந்து கையொப்பமிட்டிருக்கிறார். இத்தனை உறுதிகளைத் தாங்கிய தாளை ஒரு காப்பிக்கடை வேண்டாமென்று தள்ளிவிட முடியுமா?

முடியாது, அது சட்டவிரோதம் என்பதே நம்மில் பெரும்பாலோர் சட்டெனச் சொல்லும் விடை. நாணயத்தை வாங்க மறுத்தால் தேசத்துரோக வழக்கே பாயும் என்று கைப்பேசிகளில் அவ்வப்போது ஒரு செய்தியும் சுற்றுகிறது. சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் நிலைமை அவ்வளவு நேராக இல்லை.

செலாவணி என்பதன் பொருள்

பணத்தாள்களைப் பற்றிய அடிப்படை விதி 1934ஆம் ஆண்டின் இந்திய ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு. ஒவ்வொரு பணத்தாளும் இந்தியாவின் எவ்விடத்திலும், அதில் குறித்த தொகைக்குச் சட்டமுறைச் செலாவணியாகும் என்று அது கூறுகிறது. அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ரிசர்வ் வங்கியின் மத்தியக் குழு பரிந்துரைத்தால் ஒரு வரிசைத் தாள்களின் செலாவணித் தகுதியை மத்திய அரசு நீக்கலாம் என்கிறது. 2016 நவம்பர் 8 இரவில் நாம் கேட்ட அறிவிப்பு அந்த உட்பிரிவின் வழி வந்ததே. 2023 மே மாதத்தில் 2,000 ரூபாய்த் தாள்கள் திரும்பப் பெறப்பட்டது வேறு வகை. அவை புழக்கத்திலிருந்து விலக்கப்பட்டன. ஆனால் செலாவணித் தகுதியை இழக்கவில்லை என்று ரிசர்வ் வங்கி அப்போதே தெளிவுபடுத்தியது.

நாணயங்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட மதிப்பும் கொண்ட நாணயங்கள் 1,000 ரூபாய் வரையிலான தொகைக்கே சட்டமுறைச் செலாவணி. ஐம்பது காசு நாணயத்துக்கு எல்லை 10 ரூபாய். சேலத்தில் 2022இல் ஓர் இளைஞர் ஒரு ரூபாய் நாணயங்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து மோட்டார் சைக்கிள் வாங்கிய செய்தியைப் பலர் படித்திருப்பர். விற்பனைக்கூடத்தார் மணிக்கணக்கில் எண்ணி வாங்கிக்கொண்டது அவர்களுடைய பெருந்தன்மை. 1,000 ரூபாய்க்கு மேல் நாணயமாக வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ‘சட்டமுறைச் செலாவணி’ என்றால், நான் உமக்குத் தர வேண்டிய தொகையை இதனால் தீர்க்க முன்வந்தால் அது முறையான செலுத்துகை என்று சட்டம் ஏற்கும் என்பது பொருள். எவரும் எனக்கு எதையும் விற்றே ஆக வேண்டும் என்பது அதன் பொருளன்று. தட்டில் அடுக்கி வைத்த பொருள், விலைச்சீட்டோடு இருந்தாலும், வாங்க வருமாறு விடுக்கும் அழைப்பு மட்டுமே என்பது ஒப்பந்தச் சட்டத்தில் நெடுநாளாக நிலைபெற்ற கருத்து. விற்பதற்கு முன் கடைக்காரர் தம் நிபந்தனைகளைச் சொல்லலாம். உடன்பாடு இல்லையேல் நாம் வெளியேறலாம். அந்த நொடிவரை இருவருக்குமிடையே கடன் ஏதும் பிறக்கவில்லை.

உணவு உண்டபின் பணம் கேட்கும் உணவகத்தில் நிலை மாறுகிறது. இலையில் பரிமாறி, உண்டு முடித்துக் கைகழுவி வந்தபின் ‘ரொக்கம் வாங்குவதில்லை’ என்று முதன்முறையாகச் சொன்னால், அதற்குள் கடன் பிறந்துவிட்டது. அதைத் தீர்க்க நாம் நீட்டும் தாள் முறையான செலுத்துகை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 38ஆம் பிரிவு, தகுந்த நேரத்தில், தகுந்த இடத்தில், நிபந்தனையின்றிச் செலுத்த முன்வந்தவரை மற்றவர் மறுத்தால், செலுத்தாமைக்கு முன்வந்தவர் பொறுப்பாகமாட்டார் என்கிறது. கடன் அழிந்துவிடாது; ஆயினும் தராமல் போனவர் என்ற பழி அவர்மேல் விழாது. வாசலிலேயே அட்டை தொங்கவிட்டிருந்தால் இந்த வாதம் வலுவிழக்கும். அட்டை எங்கே, எப்போது கண்ணில் படுகிறது என்பதில் இவ்வளவு இருக்கிறது.

நம் 26ஆம் பிரிவின் சொற்கள் சற்று அகலமானவை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க டாலர் தாளில் ‘எல்லாக் கடன்களுக்கும்’ என்றுதான் எழுதியிருக்கிறது. நமது சட்டம் கடன் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல், செலுத்துகைக்குச் செல்லும் என்று பொதுவாகச் சொல்கிறது. எனினும் மறுக்கும் கடைக்கு என்ன தண்டனை என்று அச்சட்டத்தில் எங்கும் இல்லை. நாணயச் சட்டமும் நாணயத்தை உருக்குவோரையும் அழிப்போரையும் தண்டிக்கிறதேயன்றி, வாங்க மறுப்போரைப் பற்றிப் பேசவில்லை. தண்டனையில்லாத கடமையைக் கடைக்காரர் எவ்வளவு மதிப்பார் என்பதை நாம் அறிவோம்.

அமெரிக்க நகரங்கள் இயற்றிய சட்டங்கள்

இந்த இடைவெளியைச் சில நாடுகள் தனிச்சட்டம் இயற்றி நிரப்பியிருக்கின்றன. கூட்டரசுச் சட்டம் எதுவும் தனியார் கடைகளைக் கட்டாயப்படுத்தவில்லை என்று அமெரிக்க மைய வங்கியே கூறுவதால், அங்கே மாநிலங்களும் நகரங்களும் இப்பொறுப்பை ஏற்றன. மிகப் பழையது மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1978ஆம் ஆண்டுச் சட்டம். கடனட்டை பரவத் தொடங்கிய காலத்தில், கடனைப் பயன்படுத்தும்படி வற்புறுத்தி ரொக்க வாடிக்கையாளரைப் பாகுபடுத்தக் கூடாது என்பதற்காக இயற்றப்பட்டது அது. நாற்பது ஆண்டுகள் அதைப் பின்பற்ற எவருக்கும் தேவை எழவில்லை.

2019இல் நிலை மாறியது. பெரிய நகரங்களுள் முதலாவதாக ஃபிலடெல்ஃபியா சட்டம் இயற்றியது. அவ்வாண்டு ஜூலை 1 முதல் அது நடப்புக்கு வந்தது. அமெரிக்காவின் பத்துப் பெருநகரங்களுள் வறுமை மிகுந்ததாக அறியப்பட்ட நகரம் அதைச் செய்ததில் வியப்பில்லை. நியூ ஜெர்சி மாநிலமும் சான் ஃபிரான்சிஸ்கோ நகரமும் அதே ஆண்டில் பின்தொடர்ந்தன. காசாளரே இல்லாத கடைகளைத் தொடங்கியிருந்த அமேசான் நிறுவனம், 2019 மே மாதத்தில் நியூ யார்க்கில் திறந்த கடையில் ரொக்கத்தையும் ஏற்கத் தொடங்கியது.

இவ்வகைச் சட்டங்களுள் நுணுக்கமாக எழுதப்பட்டது நியூ யார்க் நகரத்தினுடையது என்பது என் எண்ணம். 2020 நவம்பரில் நடப்புக்கு வந்த அச்சட்டப்படி, கடைகளும் உணவகங்களும் ரொக்கத்தை மறுக்கலாகாது. ரொக்கம் தருவோரிடம் கூடுதல் விலையும் கேட்கலாகாது. முதல் மீறலுக்கு 1,000 டாலர் வரையும், பின்னர் ஒவ்வொன்றுக்கும் 1,500 டாலர் வரையும் அபராதம். அதே நேரத்தில் 20 டாலருக்கு மேற்பட்ட தாளை ஏற்கக் கடை மறுக்கலாம். ரொக்கத்தைப் பெற்று முன்பணம் ஏற்றிய அட்டையாக மாற்றித் தரும் இயந்திரத்தைக் கட்டணமின்றி வைத்திருக்கும் கடைக்கு விலக்கு உண்டு. தொலைபேசி, இணையம் வழி விற்பனைக்கும் அது பொருந்தாது. வாங்குவோரின் உரிமையையும் கல்லாவில் இருப்பவரின் அச்சத்தையும் ஒருசேர எண்ணிப் பார்த்தவர்கள் எழுதிய சட்டம் அது.

அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ரொக்கம் இருக்கும் இடத்துக்குத் திருடர் வருவர், கள்ளத்தாள் வரும், மாலையில் எண்ண வேண்டும், காலையில் வங்கிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஆனால் மறுபக்கத்தில் நிற்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க வைப்புக் காப்புறுதிக் கழகத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 4.2 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு, அதாவது ஏறத்தாழ 56 லட்சம் குடும்பங்களுக்கு, வங்கிக் கணக்கே இல்லை. கறுப்பினக் குடும்பங்களில் அந்த விகிதம் 10.6 விழுக்காடு. அட்டை மட்டும் என்ற பலகை, இவர் வேண்டாம் என்று பெயர் சொல்லாமல் சொல்லிவிடுகிறது என்பதே அந்நகரங்களின் வாதம்.

நார்வேயின் காரணம் வேறு. ரொக்கப் பயன்பாடு மிகக் குறைந்துவிட்ட நாடுகளுள் ஒன்று அது. நுகர்வோர் ரொக்கமாகச் செலுத்தும் உரிமை முன்பே சட்டத்தில் இருந்தும், கடைகள் அதைப் பொருட்படுத்தவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் திருத்தப்பட்ட சட்டம் அந்த உரிமையை ஐயமற எழுதியது. மீறுவோர்மீது நடவடிக்கைக்கும் வழி செய்தது. 20,000 குரோனர் வரை ரொக்கம் தரலாம். ஆளில்லாக் கடைகளுக்கும் தானியங்கி விற்பனை இயந்திரங்களுக்கும் விலக்கு. மின்னணு முறைகளுக்குள் வராத குடிமக்கள் ஏறத்தாழ 6 லட்சம் பேர் என்று சொன்ன அந்நாட்டு அரசு, மின்தடையும் இணையத் தாக்குதலும் நேர்ந்தால் நாடு எப்படி உணவு வாங்கும் என்ற கேள்வியையும் சேர்த்தே எழுப்பியது.

நம் நாட்டில் எதிர்த்திசையில்

இந்தியாவில் கடைகள் ரொக்கத்தை ஏற்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லும் சட்டம் இல்லை. இதற்கு நேர் எதிரான கடமை ஒன்று இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 50 கோடி ரூபாயைத் தாண்டும் வணிகங்கள் ரூபே பற்று அட்டையையும் யூபிஐயையும் ஏற்க வசதி செய்தே ஆக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம் என 2019இல் வருமான வரிச் சட்டம் திருத்தப்பட்டது. 2017 ஏப்ரல் 1 முதல் ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம். ஆகவே நகைக்கடையில் 2 லட்சத்தை எட்டும் ரொக்கத்தை மறுக்கும் விற்பனையாளர் நம்மை அவமதிக்கவில்லை, சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறார்.

தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகள் இன்னொரு முறையைக் காட்டுகின்றன. ரொக்கத்தை மறுக்காமல் அதற்கு விலையை ஏற்றுவது. 2021 பிப்ரவரி முதல் ஃபாஸ்டேக் இல்லாத வண்டிகள் இருமடங்கு கட்டணம் செலுத்தின. 2025 நவம்பர் 15 முதல் அத்தகைய வண்டிகள் யூபிஐ வழியே செலுத்தினால் ஒன்றேகால் மடங்கும், ரொக்கமாகச் செலுத்தினால் இருமடங்கும் என விதி மாற்றப்பட்டது. நியூ யார்க் சட்டம் குற்றமாகக் கருதுவது இங்கே விதியாக இருக்கிறது. நெரிசலைக் குறைக்கும் நோக்கம் நியாயமானதே. வரிசையில் வண்டிகள் வீணாக்கிய எரிபொருளை நாம் மறந்துவிடவில்லை. ஆனால் சாலை வேறு, மருந்துக்கடை வேறு.

மின்னணுச் செலுத்துகையில் நம் நாடு எட்டிய தொலைவு பெருமைக்குரியது. 2016இல் தொடங்கிய யூபிஐ வழியே 2024-25 நிதியாண்டில் 18,500 கோடிக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள் நடந்தன. ரொக்கம் அதனால் மறையவில்லை. 2016 நவம்பர் தொடக்கத்தில் ஏறத்தாழ 18 லட்சம் கோடி ரூபாயாக இருந்த புழக்கப் பணம், 2024 மார்ச்சில் 35 லட்சம் கோடியை நெருங்கிவிட்டது. இரண்டும் ஒருங்கே வளர்ந்திருக்கின்றன. மக்கள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறவில்லை. இரண்டையும் கைவசம் வைத்திருக்கிறார்கள்.

அவ்வாறு வைத்திருப்பது வீண்போகவில்லை என்பதை 2025 மார்ச் 26ஆம் நாளும் ஏப்ரல் 12ஆம் நாளும் காட்டின. அவ்விரு நாள்களிலும் யூபிஐ சேவை நாடு முழுவதும் தடைப்பட்டது. பெட்ரோல் நிலையத்திலும் உணவகத்திலும் கைப்பேசித் திரையில் சக்கரம் சுழன்றுகொண்டே இருந்தபோது, பையில் தாள் வைத்திருந்தவர் செலுத்திவிட்டு நகர்ந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பின் சென்னையின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லாத நாள்களைக் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்நாள்களில் பால் பொட்டலத்துக்கு க்யூஆர் குறியீடு உதவாது.

பேரிடர் இல்லாத நாள்களிலும் ரொக்கத்தை மட்டுமே நம்பியிருப்போர் இருக்கிறார்கள். ஜன் தன் திட்டத்தில் 50 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகள் திறக்கப்பட்டிருப்பதால், அமெரிக்காவைப் போலக் கணக்கின்மை நம் முதன்மைச் சிக்கல் அன்று. கணக்கு இருக்கிறது, திறன்பேசி இல்லை, அல்லது வீட்டுக்கு ஒன்றுதான், அது மகனின் கையில். மளிகைச் செலவில் மிச்சம் பிடித்து அரிசிப் பானையில் சேர்த்த பணத்தைக் கணவர் அறியாமல் செலவிட விரும்பும் பெண்ணுக்குப் பரிவர்த்தனைக் குறுஞ்செய்தி ஒரு காட்டிக்கொடுப்பு. சாதாரணக் கைப்பேசிக்கென 2022இல் வந்த யூபிஐ 123பே இந்த இடைவெளியை ஓரளவு குறைக்கும், முழுதும் மூடாது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. 2025 ஜூலையில் பெங்களூருவின் சிறுகடைகள் பலவற்றில் ‘யூபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்ற பலகைகள் முளைத்தன. யூபிஐ வரவுகளைக் கணக்கிட்டு வணிக வரித்துறை அனுப்பிய அறிவிப்புகளே காரணம். கடைக்காரரின் விருப்பம் எந்தப் பக்கமும் திரும்பும். வாங்குவோர் மட்டுமே எப்போதும் அதற்கேற்ப வளைய வேண்டியிருக்கிறது.

நமக்கு ஒரு சட்டம் வேண்டுமென்றால் அது பரந்ததாக இருக்கத் தேவையில்லை. உணவு, மருந்து, பயணம், எரிபொருள் ஆகியவற்றை ஆள் வைத்து நேரில் விற்கும் இடங்களில் சிறுதொகையை ரொக்கமாகச் செலுத்தும் உரிமையை உறுதி செய்தால் போதும். நியூ யார்க்கைப் போலப் பெரிய தாளை மறுக்கும் உரிமையைக் கடைக்கு விட்டுவிடலாம். முப்பது ரூபாய்த் தேநீருக்கு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டுவோரின் கொடுமையையும் நாம் அறிவோம்.

பத்து ரூபாய் நாணயம்

சட்டம் வரும்வரை நம் அன்றாடத்தில் ரொக்க மறுப்பு பெரும்பாலும் வேறு உருவில் வருகிறது. வணிக வளாகத்தில் அன்று. பேருந்திலும் காய்கறிக் கடையிலும். ‘பத்து ரூபாய்க் காசு செல்லாது.’ ரூபாய்க் குறியீடு இல்லாத நாணயம் போலி, கோடுகள் பதினைந்து இருந்தால் போலி என்பன போன்ற வதந்திகள் பல மாநிலங்களிலும் பரவின. குறியீடே 2010இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் அச்சான நாணயத்தில் அது எப்படி இருக்கும்? அதுவரை வெளியான 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. அறிவிப்புக்குப் பின்னும் மறுப்பு தொடர்கிறது.

கடைக்காரரிடம் காரணம் கேட்டால் வதந்தியைச் சொல்வார். இன்னும் சற்றுப் பேசினால், ‘நான் வாங்கினால் வங்கியில் வாங்கமாட்டார்களே’ என்பார். இது வங்கித் துறையினராகிய நாம் காதில் வாங்க வேண்டிய சொல். நாணயங்களையும் சிறு மதிப்புத் தாள்களையும் எந்தக் கிளையும் மறுக்கலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் நிலையான அறிவுறுத்தல். மாலை நெரிசலில் ஒரு பை நிறைய நாணயத்தோடு வருபவரைக் கண்டு முகம் சுளிக்கும் முகப்பே, அடுத்த நாள் அவருடைய கடையில் ஒரு மூதாட்டியின் நாணயம் திருப்பித் தரப்படுவதற்குத் தொடக்கமாகிறது. கடைக்காரருக்கும் ஒரு சொல்: நாணயங்களை வகை பிரித்து, நூறு நூறாகப் பாலித்தீன் உறைகளில் இட்டுக் கொண்டுவந்தால் எண்ணும் வேலை எளிதாகும். இம்முறையை ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கையே பரிந்துரைக்கிறது.

தாள்களைப் பற்றியும் இத்தகைய தயக்கங்கள் உண்டு. பேனாவால் ஏதோ எழுதப்பட்ட தாள் செல்லாது என்பது தவறு. அரசியல் முழக்கமோ செய்தியோ குறுக்கே எழுதப்பட்ட தாளுக்குத்தான் மாற்றுரிமை மறுக்கப்படும். எண் வரிசையில் நட்சத்திரக் குறி உள்ள தாளும் செல்லும். அச்சில் பழுதான தாளுக்கு மாற்றாக இடப்பட்டது என்பதே அக்குறியின் பொருள். கிழிந்த தாளைக் கடையில் தள்ளிவிட முயல்வதைவிடக் கிளைக்குக் கொண்டுவருவது நல்லது; வாடிக்கையாளர் அல்லாதவருக்கும் மாற்றித் தருகிறோம்.

கிளையில் நாணயம் மறுக்கப்பட்டால் முதலில் கிளை மேலாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். 30 நாள்களுக்குள் விடை வராவிட்டாலும், வந்த விடை மனநிறைவு தராவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். அந்த ஏற்பாடு வங்கிகள் போன்ற, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டுமே; வளாகத்துக் காப்பிக்கடை அதில் அடங்காது.